வெந்நீருக்கு ஒரு தனிக் கம்பி

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பின்போது கிள்ளான் வீடுகளின் சமையலறைச் சுவரைப் பார்த்தால் ஒன்று விளங்கும். ஒரே பிளக்கில் நீட்டிப்புக் கம்பி. அதில் மின்கெண்டி, சோற்றுப்பானை, காற்றுப் பொரிப்பான். 2,200 வாட் கெண்டியும் 1,500 வாட் பொரிப்பானும் ஒருசேர இயங்கினாலே 230 வோல்ட்டில் ஏறக்குறைய 16 ஆம்பியர் ஓடும். மலேசியாவின் மூன்று கால் பிளக் 13 ஆம்பியருக்கு மட்டுமே உரியது.

கிள்ளானில் கொனாட் பிரிட்ஜ் மின்நிலையம் 1953ஆம் ஆண்டு திறக்கப்பட்டபோது, பல வீடுகளுக்குச் சில விளக்குகளும் ஒரு வானொலியுமே போதுமாக இருந்தன. இன்று பிரிக்பீல்ட்ஸ் பழைய கடைவீடுகளில் வாடகை அறைதோறும் குளிர்சாதனம் கேட்கிறார்கள். சாதனங்கள் பெருகின, சுவருக்குள் உள்ள கம்பி பல இடங்களில் மாறவில்லை. மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியில் தோன்றும் வெப்பம் நான்கு மடங்காகும். அந்தச் சூட்டில் கம்பியின் உறை மெல்ல மெல்லக் கெட்டிப்பட்டு வெடிக்கும். வெளியே எதுவும் தெரியாது.

இதற்குத் தீர்வு தனி மின்சுற்று. மின்பெட்டியிலிருந்து ஒரு சாதனத்திற்கென்றே ஒரு கம்பி. அதற்கென்றே ஒரு மின்துண்டிப்பான். குளியலறையின் 3.6 கிலோவாட் வெந்நீர்ச் சாதனம் 16 ஆம்பியரை நெருங்குவதால், வழக்கமாக 20 ஆம்பியர் துண்டிப்பானும் 4 சதுர மில்லிமீட்டர் கம்பியும் இடுவர். ஈரத்தரை உள்ள இடங்களில் 10 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வேண்டும் என 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறைகள் வலியுறுத்துகின்றன.

அடிக்கடி ‘டிரிப்’ ஆகிறதே என்று சலித்து, பழைய கம்பியிலேயே பெரிய துண்டிப்பானை மாட்டச் சொல்பவர்களும் உண்டு. காவல் நாய் குரைக்கிறது என்று அதன் வாயைக் கட்டுவது போன்றது இது! துண்டிப்பான் காப்பது கம்பியை. கம்பி தாங்காத அளவுக்கு அதை உயர்த்தினால் முதலில் சூடேறுவது சுவர்தான்.

செலவாகும் என்பது உண்மை. ஆனால், சுவரை உடைக்க வேண்டியதில்லை. சுவரின் மேலேயே பிளாஸ்டிக் குழாயில் கம்பியைக் கொண்டு செல்லலாம். அழகு சற்றுக் குறையும், அவ்வளவுதான். வாடகை வீடுகளில் இச்செலவை ஏற்க வேண்டியவர் வீட்டுக்காரரே. ஆறு மாதத்தில் வீடு மாறிப்போகும் மாணவனிடம் சுவருக்குள் கம்பி மாற்றச் சொல்வது எப்படி நியாயமாகும்? எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற குத்தகையாளரைக் கொண்டு வேலையை முடித்து, சோதனைச் சான்றிதழையும் வாடகை ஒப்பந்தத்துடன் இணைத்துக் கொடுக்கலாம். அறை பார்க்க வருபவர்களும் அதைக் கேட்டு வாங்கலாம்.