48 பேர் வாழ்ந்த ஊரும் ஒரு பள்ளிவாசலும்



பிரேரிப் புல்வெளியைப் பற்றிப் படிப்பிக்கும்போது ஆசிரியர்கள் நாம் வழமையாகச் சொல்வது இவ்வளவுதான்: வட அமெரிக்காவின் நடுப்பகுதி, மரமில்லாத சமவெளி, கடும் குளிர், கோதுமை. பிள்ளைகளும் அதைப் பாடமாக்கிப் பரீட்சையில் எழுதிவிடுவார்கள். அந்தப் புல்வெளியில் நூறு வருடங்களுக்கு முன்பே தொழுது, நோன்பு பிடித்து, உழுது விதைத்த முஸ்லிம் விவசாயிகள் இருந்தார்கள் என்று நாம் சொல்லிக்கொடுப்பதில்லை. நம்மில் பலருக்கே அது தெரியாது.

ஐக்கிய அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில் ரொஸ் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. 1902இல் ரயில் பாதையை ஒட்டி உருவான ஊர். அந்தக் காலத்தில் அங்கே அரச காணியில் 160 ஏக்கர் இலவசமாகக் கிடைத்தது. நிபந்தனை ஒன்றுதான்: ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, நிலத்தைப் பண்படுத்த வேண்டும். அந்தக் காணியை நம்பி உஸ்மானிய ஆட்சிக்குட்பட்டிருந்த சிரியாவிலிருந்து முஸ்லிம்கள் வந்தார்கள். அவர்களில் பலருடைய சொந்தக் கிராமம் இன்றைய லெபனானுக்குள் இருக்கிறது. மலையடிவாரத்தில் வளர்ந்தவர்கள், பனி உறையும் வெட்டவெளியில் வந்து கல் பொறுக்கி நிலம் திருத்தினார்கள்.

ஆரம்பத்தில் அவர்களுக்குப் பள்ளிவாசல் இல்லை. வீடுகளில்தான் கூடித் தொழுதார்கள். 1929இல் ஊருக்கு வெளியே, தங்கள் மையவாடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியைக் கட்டினார்கள். அமெரிக்காவில் பள்ளிவாசலாகவே கட்டப்பட்ட முதல் கட்டடங்களில் அதுவும் ஒன்று. பாதி நிலத்துக்குக் கீழே, பாதி மேலே. கையில் காசு சேர்ந்ததும் மேலே எழுப்பலாம் என்று அடித்தளத்தோடு நிறுத்தினார்கள். அந்தக் காசு சேரவேயில்லை. அதே வருடம் பொருளாதாரம் சரிந்தது. தொடர்ந்து வந்த வருடங்களில் மழை பொய்த்தது, மண் புழுதியாய்ப் பறந்தது, விளைச்சல் போனது. குடும்பங்கள் கலைந்தன. இளையவர்கள் நகரங்களுக்குப் போனார்கள், வேறு மதத்தில் கலியாணம் முடித்தார்கள், பெயர்களும் மாறின. ஆளில்லாமல் கிடந்த பள்ளி 1970களின் இறுதியில் இடிக்கப்பட்டது.

இனி சனத்தொகையைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ரொஸ் ஊரில் இருந்தவர்கள் 48 பேர். 2010இல் 97 பேர். பத்து வருடத்தில் இரட்டிப்பு! ஆனால் அந்தப் பழைய குடும்பங்கள் திரும்பி வரவில்லை. அந்தப் பக்கத்தில் எண்ணெய் தோண்டத் தொடங்கியதால் வேலைக்கு ஆட்கள் வந்தார்கள். எண்ணிக்கை ஏறியது, பழைய ஊர் திரும்பவில்லை.

இதைச் சொன்னதும் நம்மில் சிலர் உடனே தீர்ப்புக் கொடுத்துவிடுவோம்: "மார்க்கத்தை விட்டார்கள், அழிந்தார்கள்." அவ்வளவு இலேசாகச் சொல்லிவிட முடியாது. அந்தப் பள்ளி இருந்த இடத்தில் 2005இல் சின்னதாக ஒரு பள்ளி மறுபடியும் எழுந்தது. ஒரு குப்பா, நான்கு சிறு மினாராக்கள். அதற்கு முன்னின்றவர்கள் அந்த முதல் குடியேறிகளின் சந்ததியினர். அந்தச் சந்ததியில் பலர் இன்று கிறிஸ்தவர்கள். மையவாடி இன்றும் பராமரிக்கப்படுகிறது. கபுர்களை அவர்கள் கைவிடவில்லை.

இன்னொன்றும் அவர்களைக் காப்பாற்றியது. 1930களின் பிற்பகுதியில், வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க அரசாங்கம் நடத்திய ஒரு திட்டத்தின் கீழ், ஆட்கள் வீடு வீடாகப் போய் பழைய குடியேறிகளின் கதைகளைக் கேட்டு எழுதினார்கள். அந்த முஸ்லிம் விவசாயிகளின் வாய்மொழியும் அதில் பதிவானது. எங்கிருந்து வந்தார்கள், எப்படித் தொழுதார்கள், என்ன விதைத்தார்கள் என்று இன்று நாம் தெரிந்துகொள்வது அதனால்தான். பள்ளி இடிந்தது, அந்தத் தாள்கள் இருந்தன.

நாம் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட சமூகம். நமக்கு ரொஸ் ஊரின் கதி வராது என்று நினைக்கலாம். ஆனால் நாம் எதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறோம்? நூறு வருடப் பழைய பள்ளிகளை இடித்து மாபிள் போட்டுப் புதிதாகக் கட்டுகிறோம். பழைய படம் ஒன்றாவது எடுத்து வைத்தோமா? கலியாணப் பதிவுப் புத்தகங்களைக் கறையான் தின்கிறது. ஊர் எப்படி உருவானது, முதல் கிணறு யார் வெட்டினார்கள், எந்த வெள்ளத்தில், எந்தக் கலவரத்தில் யார் இடம்பெயர்ந்தார்கள் என்று தெரிந்த மூத்தவாப்பாக்களும் மூத்தம்மாக்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு ஜனாஸாவோடும் ஒரு பகுதி வரலாறும் அடக்கமாகிறது.

தேர்தல் வந்தால் நாம் எத்தனை வீதம், எத்தனை வாக்கு என்று கணக்குப் பார்க்கிறோம். அது தேவைதான். ஆனால் எண்ணிக்கை ஏறும், இறங்கும். எழுதி வைத்தது நிற்கும்.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. ஒவ்வொரு பள்ளி நிருவாகமும் பழைய பதிவேடுகளைப் படம் பிடித்து வைக்கட்டும். பள்ளியை உடைக்குமுன் அளவெடுத்து, படமெடுத்து, கட்டியவர்களின் பெயர்களைக் குறித்து வைக்கட்டும். ஆசிரியர்கள் நாம் லீவு நாட்களில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுப்போம்: வீட்டில் வயது கூடிய ஒருவரிடம் பத்துக் கேள்வி கேட்டு, அவர் சொல்வதை அவர் பேச்சிலேயே எழுதிக்கொண்டு வரட்டும்.

48 பேர் வாழ்ந்த ஓர் ஊரின் கதையை இவ்வளவு தூரத்தில் இருந்து நாம் படிக்க முடிகிறது. நம் ஊரின் கதையை நம் பிள்ளைகளாவது படிக்க வேண்டாமா?

உங்கள் வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர் யாராவது இருந்தால், இன்று அஸருக்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்.