அடியாத மாடு படியாது என்பவர்களுக்கு

பதிவு கொஞ்சம் நீளம். கடைசி பெஞ்சில் இருந்தவர்களும் முழுசாகப் படிக்கணும்.

ஊருக்கு வரும்போது கோவில்பட்டி, கழுகுமலைப் பக்கம் போய் கன்னிக் குட்டியோ சிப்பிப்பாறைக் குட்டியோ வாங்கிப் போகிறீர்கள். சென்னையிலும் பெங்களூரிலும் நாய்களுக்கான விளையாட்டு வகுப்பில் சேர்க்கிறீர்கள். தடை தாண்டுவது, குழாய்க்குள் புகுந்து ஓடுவது, கம்புகளுக்கு நடுவே வளைந்து போவது. சந்தோஷம். நம் கரிசல்காட்டு நாய் களத்தில் நிற்பது எனக்கும் பெருமைதான். ஆனால் நீங்கள் அனுப்பும் வீடியோவைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஐந்து மாதக் குட்டியை இடுப்பு உயரக் கம்பைத் தாண்டச் சொல்கிறீர்கள். தயங்கினால் கழுத்துச் சங்கிலியைச் சுண்டி இழுக்கிறீர்கள். கேட்டால், "அடியாத மாடு படியாது டீச்சர்" என்று எனக்கே பாடம்!

பிரம்புக்கு வக்காலத்து வாங்கியவர்கள் எல்லாரும் சொன்ன பழமொழி அது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்தது. வகுப்பறையிலிருந்து வெளியேற்றிய பிரம்பைச் சங்கிலியாக்கிக் குட்டியின் கழுத்தில் மாட்டியிருக்கிறீர்கள்.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குக் கற்றல் பாடமே பாவ்லோவின் நாயிலும் தார்ன்டைக்கின் பூனையிலும்தான் தொடங்கியது. தார்ன்டைக் சொன்னது மூன்று விதி: ஆயத்த விதி, பயிற்சி விதி, விளைவு விதி. பரிசும் தண்டனையும் சம பலம் என்று முதலில் நினைத்தவர், 1930-களில் தன் கருத்தையே திருத்தினார். பரிசு கற்றலை வலுவாக்கும். தண்டனைக்கு அந்த பலம் இல்லை என்றார். நீங்கள் நடு விதியை மட்டும் பிடித்துக்கொண்டு, ஒரே தடையை நாற்பது தடவை தாண்ட வைக்கிறீர்கள்.

ஆயத்தம் என்றால் என்ன? குட்டியின் கால் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டுகள் இருக்கின்றன. அவை குருத்தெலும்பு, ஒரு வயது தாண்டும்வரைகூட முழுக்க இறுகாமல் இருக்கலாம். அதற்கு முன் திரும்பத் திரும்ப உயரத்திலிருந்து குதித்தால் அங்கே அடிபடும். கால் கோணலாக வளரவும் கூடும். சர்வதேச நாய்க் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ., தடை தாண்டும் போட்டியில் 18 மாதம் நிறையாத நாயைச் சேர்ப்பதே இல்லை.

முத்துக்குளித்துறைக்காரர்களுக்கு இது புதுசா? அந்தக் காலத்தில் கடலடிப் பாரில் சிப்பியை எடுத்துப் பார்த்து, முதிர்ந்திருந்தால்தான் குளிப்புக்கு நாள் குறித்தார்கள். இளஞ்சிப்பியை அள்ளினால் முத்தும் இல்லை, அடுத்த வருசத்துச் சிப்பியும் இல்லை.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பீர்கள். சரிதான். வளைப்பது வேறு, ஒடிப்பது வேறு. குட்டி உலகத்தைப் பழகும் பருவம் மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய 14-வது வாரம்வரை. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்பது 2017 விதி. ஆக உங்கள் கையில் இருப்பது சில வாரம்தான். பேர் சொன்னால் திரும்ப, கூப்பிட்டால் ஓடி வர அப்போது பழக்குங்கள். தடுப்பூசி முடியும்வரை இடுப்பில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவையும் லாரிச் சத்தத்தையும் காட்டுங்கள். பிறகு தரையில் கிடக்கும் கம்பைத் தாண்டி நடக்கட்டும், நேரான குழாய்க்குள் புகுந்து வரட்டும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிசம் போதும். வெயிலுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். நம் ஊர்த் தார் ரோட்டில் பத்து மணிக்கு மேல் உங்களால் வெறுங்காலோடு நிற்க முடியுமா?

"நாட்டு நாய்க்கு அடிதான் புரியும்" என்பது அடுத்த பொய். கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் பார்த்து முயலை விரட்டிய வேட்டை நாய்கள். வேட்டைக்காரன் எட்டுமுன் தானே முடிவெடுத்து ஓட வேண்டும் என்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். அந்தச் சுய புத்தியைத்தான் நீங்கள் முரட்டுத்தனம் என்கிறீர்கள். அடித்தால் அது படியாது, ஒடுங்கிப் போகும். ஒடுங்கியதைப் பார்த்து "நல்லா அடங்கிட்டு" என்று பூரிக்கிறீர்கள். பயந்து வாயடைத்த பிள்ளையை "நல்ல பையன்" என்று சொல்வதும் இதே கதைதான்.

வகுப்பில் சேர்க்குமுன் பயிற்சியாளரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். குட்டி தவறு செய்தால் என்ன செய்வீர்கள்? எத்தனை மாதத்தில் தாண்ட விடுவீர்கள்? முதல் கேள்விக்குச் சங்கிலியைக் காட்டினாலோ, இரண்டாவதற்கு "ஆறு மாசம்" என்றாலோ, குட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். கட்டிய பணம் போனால் போகட்டும், கால் போனால் வராது.

கீழே சண்டை போட வருகிறவர்கள் தாராளமாக வரலாம். பதிவை முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், தூத்துக்குடி