ஒன்றுதானே என்னும் ஏமாற்று

"நாளைக்கு ஒன்றுதானே, அதுவும் நண்பரோடு தேநீர் பருகுங்கால் மட்டுமே" என்பார் பலர். உள்ளம் உடலுக்குச் செய்யும் இரண்டகம் இது! 141 ஆய்வுகளைத் தொகுத்த ஆராய்ச்சியொன்று 2018-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியாயிற்று. நாளொன்றுக்கு இருபது வெண்சுருட்டுப் புகைப்பார்க்கு மிகும் நெஞ்சாங்குலை நோயிடரில், ஒன்றே புகைப்பார்க்கும் ஏறத்தாழப் பாதி உண்டென்பதே அதன் முடிவு. இருபதில் ஒன்று புகைத்தால் இடரும் இருபதில் ஒன்றென்பது பொய்க்கணக்கே.

இத்தகையோரைப் புகையிலை நஞ்சினும் மிகுதியாகப் பிணித்திருப்பது பழக்கமே. ஆகலின், இவர்க்கு நடத்தைப் பயிற்சியே தலையாய துணை. மருத்துவரும் "குறைவுதானே" என்று வாளா விடுதல் தவறு.

புகைக்கும் இடம், வேளை, உடனிருந்தார், உள்ளநிலை ஆகியவற்றை ஒரு கிழமை குறித்து வருக. தூண்டுவது எதுவெனத் தெளிவாகும். தேநீர்க்கடை தூண்டினால் இடத்தை மாற்றுக. நண்பர் நீட்டினால் "எனக்கு வேண்டா" என மறுக்க முன்னரே பழகுக. விடும் நாளை வரையறுத்து வீட்டார்க்கு அறிவித்திடுக. வேட்கை எழுந்தால் சில மணித்துளி பொறுத்திருக்க. அலையென எழுந்தது அலையென அடங்கும். ஒருமுறை வழுக்கினும் சோர்வுறாது, வழுக்கியதன் கரணியம் அறிந்து மீண்டும் தொடங்குக.

குறைத்தேன் என்னற்க, விடுத்தேன் என்க!