அட்ரோபின் எட்டாத தசை

கோம்பையிலும் தேவாரத்திலும் விடியுமுன்னே ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்களில் மருந்தடிக்கிறவர்களும் உண்டு. ஏலப்பேனுக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் அடிப்பவற்றில் குயினால்பாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட்டுகள் நெடுங்காலமாக இடம்பெற்றவை. இவ்வகை நஞ்சேறியவருக்குச் சிகிச்சை அளித்த ஒவ்வொரு மருத்துவரும், அறிந்தோ அறியாமலோ, செல் பரப்பு ஏற்பிகளோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறார்.

இந்நஞ்சால் கோலினெஸ்டரேஸ் நொதி முடங்கியதும் அசிட்டைல்கோலின் தேங்குகிறது. மஸ்கரினிக் வகையைச் சேர்ந்த எம்3 ஏற்பி, ஜி புரதம் வழியே செல்லுக்குள் கால்சியத்தை ஏற்ற, மூச்சுக்குழல் சுருங்கிச் சளி பெருகுகிறது. இதயத்தில் எம்2 துடிப்பைக் குறைக்கிறது. இரண்டையும் அட்ரோபின் மறிக்கும். நுரையீரல் தெளியும்வரை அளவைக் கூட்டிக்கொண்டே போய், பிறகு சொட்டாகத் தொடரும் முறை இறப்பைக் குறைத்ததாக 2012-இல் வெளியான வங்கதேச ஆய்வு காட்டியது. புது மூலக்கூறு எதுவுமில்லை. பழைய மருந்தைக் கொடுக்கும் வேகம்தான் மாறியது.

எலும்புத்தசையில் இந்தக் கணக்கு செல்லாது. அங்குள்ள நிக்கோட்டினிக் ஏற்பி ஓர் அயனிவாயில்; அட்ரோபின் அதைத் தொடுவதில்லை. சளி வற்றி, நாடி சீராகி, நாம் சற்று ஆசுவாசப்படும் வேளையில் நோயாளியால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போகிறது. பிறகு மூச்சுத்தசை ஓய்கிறது. நஞ்சேறி ஒன்று முதல் நான்கு நாளில் வரும் இந்த இடைநிலைக் கூட்டறிகுறியை 1987-இல் விவரித்தவர்கள் இலங்கையின் சேனநாயக்கவும் கரல்லியத்தவும். நொதியை மீட்கும் என்று நம்பிய பிராலிடாக்சிம் வேலூர் ஆய்வுகளிலும், 2009-இல் வெளியான இலங்கை ஆய்விலும் கைகொடுக்கவில்லை. இன்றும் நமக்குச் செயற்கைச் சுவாசக் கருவிதான் கதி.

இதே காலத்தில் மஸ்கரினிக் பக்கம் ஓடிய ஓட்டத்தைப் பாருங்கள். எம்2, எம்3 ஏற்பிகளின் படிக அமைப்புகள் 2012-இல் வெளிவந்தன. எம்3-ஐ நெடுநேரம் பிடித்துக்கொள்ளும் டியோட்ரோபியம் நுரையீரல் மருத்துவத்தில் ஊன்றிவிட்டது. மனச்சிதைவுக்கான சனோமெலின்–ட்ரோஸ்பியம் கூட்டு 2024-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. சனோமெலின் மூளையில் எம்1, எம்4 ஏற்பிகளைத் தூண்ட, மூளைக்குள் எளிதில் நுழையாத ட்ரோஸ்பியம் உடலின் மற்ற இடங்களில் அந்தத் தூண்டலை அடக்குகிறது. அழகான யோசனை! பணமுள்ள நோய்களைத் தேடி ஆராய்ச்சி போகிறது என்று முணுமுணுக்கலாம். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் அறிவியல் தடையும் உண்டு. ஓயாத தூண்டலால் உணர்விழந்த நிக்கோட்டினிக் ஏற்பியைக் காக்கச் சிறிதளவு மறிப்பு உதவக்கூடும். அளவு சற்று மிஞ்சினால் அந்த மறிப்பே மூச்சை நிறுத்திவிடும். குறுகிய வரப்பில் நடக்கிற வேலை. இருந்தும், ஏற்கெனவே கருவியில் மூச்சுவிடும் நோயாளியிடம் அந்த அபாயத்துக்கு மாற்று ஏற்பாடு இருக்கிறது என்பதால், இக்கேள்வியைக் கைவிட எனக்கு மனமில்லை.

கம்பம், உத்தமபாளையம், க.விலக்கு மருத்துவமனைகளில் பணிபுரிவோர் நோயாளி வரிசை சிறிதென்று தயங்காமல் எழுதுங்கள். கோலினெஸ்டரேஸ் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். எந்தப் பூச்சிக்கொல்லி, நஞ்சேறி எத்தனை மணி நேரம், கழுத்துத்தசையின் வலு, தொடர் நரம்புத்தூண்டல் பதிவு ஆகிய நான்கும் ஒரே கால அட்டவணையில் இருக்கட்டும். அட்ரோபின் அளவைத் தனி வரியில் குறியுங்கள்.