"டென்ஷன் ஆகாதீங்க"ன்னு சொல்றதை நிறுத்துவோம்: எலிகள் கற்றுத்தரும் பாடம்

1/ சோழவந்தான் பக்கம் கொடிக்காலில் வெத்தலை கிள்ளும் வேலைக்குப் போகும் ஒரு அம்மா. நாற்பது வயதைத் தாண்டியவர். சுகர், பிபி இரண்டுக்கும் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். ஆனாலும் சுகர் இறங்க மாட்டேங்குது. தூக்கம் இல்லை. போன் அடிச்சாலே நெஞ்சு படபடன்னு வருதாம். (அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

2/ மூணு தடவை வந்தப்பவும் நான் சொன்னது ஒண்ணுதான்: "டென்ஷன் ஆகாதீங்கம்மா." நாலாவது தடவை அவரே கேட்டுட்டார்: "நானா டென்ஷன் ஆகுறேன் டாக்டர்? ஆக்குறாங்க." அப்புறம்தான் உட்காரவைத்து விசாரித்தேன். இரண்டு குழுக்கடன். வாராவாரம் தவணை. "புதன்கிழமை வருவாங்கன்னு தெரியும், அது பரவால்ல. போன் எப்ப வரும்னுதான் தெரியாது."

3/ அவர் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. இதைச் சும்மா இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. ஆய்வுக்கூட எலிகளை வைத்து சுமார் 90 ஆண்டுகளாக நடந்த ஆராய்ச்சி சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

4/ 1936. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் செல்யே. எலிகளைக் குளிரில் வைத்தார், அளவுக்கு மீறி ஓடவிட்டார், வெவ்வேறு மருந்துகளைச் செலுத்தினார். கொடுமைகள் வேறுவேறு. உடலில் நடந்தது ஒன்றே: சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பி வீங்கியது, எதிர்ப்பு சக்தியோடு தொடர்புடைய தைமஸ் சுருங்கியது, வயிற்றில் புண் வந்தது.

5/ ஏன்? ஆபத்து வந்தால் மூளை அட்ரினலுக்குத் தகவல் அனுப்பும். அட்ரினலின், கார்டிசால் சுரக்கும் (எலிக்கு கார்டிகோஸ்டீரோன்). ரத்தத்தில் சர்க்கரை ஏறும், இதயம் வேகமாகும். தெருநாய் துரத்தும்போது இது உயிரைக் காக்கும். நாய் போனதும் எல்லாம் அடங்கிவிட வேண்டும். நாய் தினமும் வந்தால்? அங்கேதான் பிரச்சினை ஆரம்பிக்குது.

6/ அதை நம்ம பக்கத்திலேயே, பெங்களூரில் பார்த்தார்கள். என்சிபிஎஸ் ஆய்வு நிறுவனத்தில் சுமந்திர சட்டர்ஜியின் குழு 2002-ல் வெளியிட்ட ஆய்வு. எலியை அசைய முடியாதபடி தினம் 2 மணி நேரம் கட்டிவைத்தார்கள். 10 நாள். அடி இல்லை, பட்டினி இல்லை. மீதி 22 மணி நேரம் அது வழக்கமான கூண்டில்தான்.

7/ பிறகு மூளையைப் பார்த்தால் இரண்டு இடத்தில் இரண்டு விதமான மாற்றம். நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸில் நரம்புக் கிளைகள் சுருங்கியிருந்தன. பயத்தைக் கையாளும் அமிக்டலாவில் கிளைகள் வளர்ந்திருந்தன. கார்டிசால் போதும் என்று பிரேக் போடும் வேலையும் ஹிப்போகாம்பஸுக்கு உண்டு. ஆக, பிரேக் தேயுது, ஆக்சிலேட்டர் பலமாகுது.

8/ நடத்தையும் மாறியது. உயரத்தில், கூட்டல் குறி வடிவில் ஒரு மேடை. இரண்டு பாதைக்குப் பக்கச் சுவர் உண்டு, இரண்டுக்கு இல்லை. சாதாரண எலி திறந்த பாதையிலும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். கட்டிவைக்கப்பட்ட எலி சுவரோரமே பதுங்கும். வெளியில் வர மாட்டேங்குது, யாரோடும் பேச மாட்டேங்குது என்று நாம் சிலரைச் சொல்வோமே, எனக்கு அவர்கள்தான் ஞாபகம் வந்தார்கள்.

9/ இதே குழு 2004-ல் சொன்னதுதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. கட்டுவதை நிறுத்தி எலிகளை 21 நாள் சும்மா விட்டார்கள். ஹிப்போகாம்பஸ் பழைய நிலைக்குத் திரும்பியது. அமிக்டலா திரும்பவில்லை. பயமும் போகவில்லை.

10/ அதனால் "அதான் பிரச்சினை முடிஞ்சிருச்சே, இன்னும் என்ன?" என்று வீட்டில் யாரையும் கேட்காதீங்க. கடன் அடைந்திருக்கலாம், குடிகாரக் கணவர் குடியை விட்டிருக்கலாம், பரீட்சை முடிந்திருக்கலாம். பயம் மட்டும் அதன்பிறகும் நீடிக்கலாம். அது நடிப்பும் இல்லை, திமிரும் இல்லை.

11/ அடுத்து, எனக்கு மிக முக்கியமான ஆய்வு. 1970 வாக்கில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜே வைஸ் செய்தது. இரண்டு எலிகளுக்கு ஒரே அளவு, ஒரே நேரம் மின் அதிர்ச்சி. ஒரு எலி தன் முன்னாலுள்ள சக்கரத்தைத் திருப்பினால் இரண்டுக்குமே அதிர்ச்சி நிற்கும். மற்ற எலி என்ன செய்தாலும் ஒன்றும் மாறாது. வயிற்றுப்புண் அதிகம் வந்தது யாருக்கு? கையில் எதுவுமே இல்லாத எலிக்கு.

12/ அவரே இன்னொன்றும் செய்தார். ஒரு எலிக்கு அதிர்ச்சிக்கு முன்னால் ஒரு சத்தம் கேட்கும். இன்னொன்றுக்கு எப்போது வரும் என்றே தெரியாது. அதிர்ச்சி அதே அளவுதான். ஆனால் தெரியாத எலிக்குத்தான் புண் அதிகம். சத்தம் கேட்காத நேரத்திலாவது முதல் எலி நிம்மதியாக இருந்திருக்கும். இரண்டாவதுக்கு அந்த நிம்மதியும் கிடையாது.

13/ இப்போ அந்த அம்மா சொன்னதைத் திரும்பப் படிங்க. "புதன்கிழமை வருவாங்கன்னு தெரியும், அது பரவால்ல. போன் எப்ப வரும்னுதான் தெரியாது." ஜே வைஸ் யார் என்று அவருக்குத் தெரியாது. முடிவு மட்டும் தெரிந்திருக்கிறது.

14/ "டாக்டர், அல்சருக்குக் காரணம் கிருமின்னு சொல்வாங்களே?" சரிதான். மனிதரில் பெரும்பாலான அல்சருக்கு ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமியும் வலி மாத்திரைகளும்தான் காரணம். அந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததற்கு 2005-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். எலி மனிதன் இல்லை. பெங்களூர் எலிகள் எல்லாம் ஆண் எலிகள் வேறு. அதனால் எலிக்கு வந்த அதே நோய் நமக்கும் வரும் என்று நான் சொல்லவில்லை. மனவுளைச்சல் உடம்புக்குள் இறங்கும் பாதை இரண்டு பேருக்கும் பொது, அதைத்தான் சொல்றேன்.

15/ ஆகவே சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டு நிம்மதியைத் தேடுகிறேன் என்று யாரும் கிளம்பிடாதீங்க. மாத்திரை மாத்திரைதான். சாப்பாடு, நடை, தூக்கம் எல்லாம் வேணும். ஆனால் அதையெல்லாம் செய்தும் சுகர் இறங்கவில்லை என்றால், நோயாளியைத் திட்டுறதுக்கு முன்னாடி அவரை எது கட்டிப் போட்டிருக்கிறது என்று டாக்டர்களாகிய நாம் கேட்கணும். ரெண்டு நிமிஷம் போதும்.

16/ கடன் கொடுப்பவர்களுக்கு: 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிகளின்படி, நுண்கடன் வாங்கியவரைக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. உறவினர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது. இரண்டு பேரும் பேசி முடிவு செய்த இடத்தில்தான் வசூல். இதை நான் சட்டமாக மட்டும் பார்க்கவில்லை. ஒரு டாக்டராகப் பார்த்தால், எப்போது வரும் என்று தெரியாத அதிர்ச்சியை, தெரிந்த ஒன்றாக மாற்றும் வைத்தியம் இது. அந்த அம்மாவுக்கு இந்த விதி இருப்பதே தெரியாது. உங்க பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்க.

17/ வீட்டில் இருப்பவர்களுக்கு: கெட்ட செய்தியாக இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிடுங்க. வீட்டு வரவு செலவில் அவங்களுக்கும் ஒரு வார்த்தை இருக்கட்டும். அவங்க கையில் ஒரு சக்கரமாவது கொடுங்க.

18/ நம்பிக்கைக்கு ஒன்று. பெங்களூர் நிம்ஹான்ஸ் குழு 2009-ல் வெளியிட்ட ஆய்வில், 21 நாள் அடைத்துவைக்கப்பட்ட எலிகளைப் பிறகு 10 நாள், தினம் 6 மணி நேரம், பெரிய கூண்டில் விளையாட்டுப் பொருட்களோடும் மற்ற எலிகளோடும் விட்டார்கள். சோர்ந்து கிடக்கும் நடத்தை குறைந்தது. ஹிப்போகாம்பஸில் புது செல்கள் பிழைப்பதும் கூடியது. இவர்கள் அளந்தது பயத்தை அல்ல, சோர்வை. அதனால் முழுத் தீர்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓய்வு மட்டும் போதாது, இடமும் துணையும் சேர்ந்தால் பலன் உண்டு என்று நான் புரிந்துகொள்கிறேன்.

19/ தூக்கம் போய், வாழப் பிடிக்கலை என்கிற அளவுக்கு யாருக்காவது இருந்தால் 14416-க்கு அழைங்க. டெலிமானஸ், அரசு சேவை, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். பக்கத்து அரசு மருத்துவமனைக்கும் போகலாம். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

20/ அந்த அம்மா அடுத்த மாதம் வருவார். சுகரைப் பார்ப்பேன், பிபியைப் பார்ப்பேன், மாத்திரையை மாற்ற வேண்டுமானால் மாற்றுவேன். "டென்ஷன் ஆகாதீங்க" மட்டும் சொல்ல மாட்டேன். "இந்த வாரம் எத்தனை போன்மா?" என்று கேட்பேன்.