மனு எழுதத் தெரிந்தவர்களுக்கு

சட்டம் யாவர்க்கும் பொது என்று பாடப்புத்தகங்கள் போதிக்கின்றன. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறிக்கும் மக்களின் முக்கால் நூற்றாண்டு அனுபவமோ வேறு. அவர்களுடைய உரிமையைப் பறிக்கத் துப்பாக்கி வேண்டியிருக்கவில்லை. ஒரு படிவம் போதுமானதாயிருந்தது.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். தலவாக்கலையில் வென்ற கவிஞர் ஸி. வி. வேலுப்பிள்ளை அவர்களுள் ஒருவர். மறு ஆண்டே வந்தது பிரஜாவுரிமைச் சட்டம். நீ இங்கே பிறந்தது போதாது, உன் தகப்பனோ, அன்றிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்தவர் என்று காட்டு என்றது அது. காட்டை அழித்துத் தேயிலை நட்டவனின் பேரனிடம் கேட்கப்பட்ட கேள்வி இது! எந்தக் கங்காணி அவனுடைய பாட்டனுக்குப் பிறப்புப் பத்திரம் எழுதி வைத்தான்?

1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் இரண்டாண்டுக் கெடு விதித்தது. மணமானவர் ஏழாண்டு, மணமாகாதவர் பத்தாண்டு இடையறாது வசித்ததற்குச் சான்று தரவேண்டும். தொழிலாளரின் தலைமையும் முதலில் பகிஷ்காரம் என்று கூறிக் காலத்தைக் கழித்துப் பின்னரே மனம் மாறிற்று. ஏறத்தாழ 825,000 பேருக்காக மனுக்கள் போயின; உரிமை கிட்டியது ஏறத்தாழ 134,000 பேருக்கே. எஞ்சியோரை 1964இல் இரண்டு பிரதமர்கள் கூடி, இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000 என்று பங்கிட்டுக்கொண்டனர். மீதி 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாமாம்! மூட்டைகளைக்கூட எவரும் இவ்வளவு அலட்சியமாக எண்ணுவதில்லை.

இது சட்டம் படித்தவர் பார்க்கவேண்டிய வேலை, ஆசிரியருக்கும் மாணவருக்கும் இதில் என்ன என்று நம்மிடையே சிலர் கேட்கின்றனர். சட்டம் படித்தவர்கள் பார்த்தார்கள். கோடாக்கன் பிள்ளையின் வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை ஏறி, 1953இல் தோற்றது. ஆனால் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பிரகடனம் ஒன்றே போதும் என்றதும் நிகழ்ந்ததைப் பாருங்கள். பயிற்சி பெற்றவர்கள் தோட்டங்களுக்கே சென்று உட்கார்ந்தனர், படிவத்தை விளக்கினர், நிரப்பிக் கொடுத்தனர். பத்தே நாட்களில் ஏறத்தாழ 190,000 பேர் பிரஜைகளாயினர். அரை நூற்றாண்டு அவர்களை வாட்டிய விதி, கேவலம், எழுதத் தெரிந்த சிலர் லயத்து வாசலுக்கு வந்ததும் கலைந்துபோயிற்று.

வாக்குரிமை வந்துவிட்டதால் வேலை தீர்ந்ததென்று எண்ணுவது மடமை. ஐம்பது வயதில் ஊழியர் சேமலாப நிதியைக் கேட்டுப் போகும் பெண்ணுக்குச் செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புப் பத்திரத்தில் இன்னொரு பெயர், அடையாள அட்டையில் மற்றொன்று. அவள் பிழையா அது? கேட்டதைக் கேட்டபடி எழுதத் தெரியாத உத்தியோகத்தரின் பிழை. ஆனால் ஒருநாட் கூலியை இழந்து பஸ் ஏறி அலைபவள் அவள்தான். திருத்தத்துக்கு எங்கே மனுச்செய்வது, காலங்கடந்த பிறப்புப் பதிவுக்குப் பிரதேச செயலகத்தில் என்ன கொண்டுபோவது, வழக்கென்று வந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவை எப்படி நாடுவது என்று சொல்ல ஆளில்லாத இடத்தில் தரகன் கடை விரிக்கிறான். நாம் சும்மா இருப்பதே அவனுக்கு முதல்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தோட்டத்தில் வாழ்பவரின் அடையாள அட்டை விண்ணப்பத்தை உறுதிப்படுத்துபவர் தோட்டத்து அதிகாரி. கூலி கொடுப்பவனே, இவன் இந்நாட்டில் இன்னான் என்று சாட்சி சொல்லும் விந்தை! கூலி உயர்வு கேட்டவன் எந்த முகத்தோடு அந்தக் கையெழுத்துக்குப் போய் நிற்பான்? பாடசாலை மாணவருக்கோ அதே கையெழுத்தை அதிபர் இடலாம். பள்ளியை விட்டுக் கொழுந்துக்கூடையைச் சுமக்கப் போகுமுன் அந்தப் பிள்ளையின் கையில் அட்டை இருக்கிறதா என்று நம்மில் எத்தனை ஆசிரியர் இடாப்பைத் திறந்து பார்க்கிறோம்?