பீரியட்ஸ் வரலையா? எல்லாத்துக்கும் டென்ஷன் காரணமில்லை!

பீரியட்ஸ் மாதக்கணக்கில் வரலை, கர்ப்பமும் இல்லை, ஆனால் மார்பில் பால் மாதிரி கசிவு. ‘ஆபீஸ் டென்ஷன்’ என்று தள்ளிப்போடாதீங்க. மூளைக்கு அடியில் பட்டாணி அளவே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, புரோலாக்டின் ஹார்மோனை அதிகமாகச் சுரக்கலாம். ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். அசிடிட்டி மாத்திரையோடு சேர்ந்து வரும் டோம்பெரிடோன்கூட இதை ஏற்றிவிடும். சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் டாக்டரிடம் சொல்லிடுங்க.

ஸ்கேனில் கட்டி தெரிந்தால் பதற வேண்டாம் (கூகுளில் தேடவே வேண்டாம்). புற்றுநோயாக இருப்பது மிக மிக அரிது. பெரும்பாலானோருக்கு ஆபரேஷன் இல்லாமல், கேபர்கோலின் மாத்திரையிலேயே கட்டி சுருங்கிவிடும்.

ஆண்களுக்கும் இது வரும். தாம்பத்திய ஆசை குறையும், விறைப்புத்தன்மை பாதிக்கும். ஆனால், சொல்லக் கூச்சப்பட்டே பலர், கட்டி வளர்ந்து பார்வை நரம்பை அழுத்திய பிறகுதான் டாக்டரிடம் போகிறார்கள்.